ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்: வாளையார் தாண்டி வேலைக்குப் போகும் தன்பாலீர்ப்பாளருக்குச் சட்டம் தரும் காப்பு

கேள்வி: எனக்கு 27 வயது. வீடு கோவை மாவட்டத்தில் எட்டிமடைப் பக்கம். வாளையார் எல்லை தாண்டி, கேரளத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நான் தன்பாலீர்ப்பாளன் என்பது ஒரு புகைப்படத்தால் வெளியே தெரிந்துவிட்டது. ஷிப்ட் குழுவின் வாட்ஸ்அப்பில் கேலி நடக்கிறது. மனிதவள அலுவலர் அழைத்து, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்ல அனுபவச் சான்றிதழ் தருகிறோம், இல்லாவிட்டால் வீட்டில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு போய்விட்டதே, என்னை இப்படி அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டா? கேரளம் இதில் முன்னேறிய மாநிலம் என்கிறார்களே, அது எனக்கு உதவுமா?

பதில்: தம்பி, சட்டத்தைப் பிறகு பேசலாம். முதலில் அந்த ராஜினாமாக் கடிதத்தை எழுதாதீர்கள். நாளைக்கே திரும்பக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைத்தாளை நீட்டினாலும் எழுதாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வாளையாருக்கு இரண்டு பக்கமும் தொழிலாளர் வழக்குகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதில்லை. அந்த மேசை முன்னால் உட்கார்ந்து "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போதே தோற்றுவிடுகிறார்கள். கையெழுத்து விழுந்தபின் அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் ஏறும். கையெழுத்து இல்லையென்றால் உங்களை ஏன் நீக்கினோம் என்று அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் இனிப்பாக இருக்காது. தனியார் நிறுவனத்தில் ஒருவரைத் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயதுவந்த இருவர் மனமொத்து உறவுகொள்வதைக் குற்றமாக்கிய அளவில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை ரத்து செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. ஆக, நீங்கள் குற்றவாளி இல்லை. ஆனால் குற்றவாளி இல்லை என்பது வேறு, வேலைக்குக் காப்பு உண்டு என்பது வேறு. முதலாவது கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு நாடாளுமன்றம் தனிச்சட்டம் எதையும் செய்யவில்லை. திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர், பாலியல் நாட்டம் உட்படப் பல காரணங்களால் காட்டப்படும் பாகுபாட்டைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 2016ஆம் ஆண்டு மசோதா என்று பெயர். சட்டமாகவில்லை.

அரசு வேலை என்றால் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 14, 15, 16ஆம் பிரிவுகள் அரசைக் கட்டுப்படுத்துகின்றன. 15ஆம் பிரிவில் "பாலினம்" என்று இருப்பது பாலியல் நாட்டத்தையும் உள்ளடக்கும் என்று நவ்தேஜ் தீர்ப்பில் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். அது ஏட்டோடு நிற்கவில்லை. உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷஹரில் ஓர் ஊர்க்காவல் படை வீரர், தம் துணையோடு நெருக்கமாக இருந்த வீடியோ வெளியானதால் 2019இல் வேலையை இழந்தார். 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் நீக்க ஆணையை ரத்து செய்து அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இப்படி ஒரு வீடியோவைக் காரணம் காட்டி நீக்குவது நவ்தேஜ் தீர்ப்புக்கே எதிரானது என்பதுதான் சாரம். உங்கள் தொழிற்சாலைக்கு எட்டும் தூரத்திலேயே ஐ.டி.ஐ., பெமல் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே நிரந்தர ஊழியராக இருந்திருந்தால் எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரிட் மனு போடச் சொல்லியிருப்பேன். அதே வளாகத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவருக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. ஒரே கேட்டுக்குள் இரண்டு விதச் சட்டம் என்பது நம் நாட்டு வழக்கம்.

அரசு அமைப்புகளும் ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ஸ்ரீனிவாஸ் ராமச்சந்திர சிராஸை, 2010 பிப்ரவரியில் அவருடைய வீட்டுக்குள்ளேயே அத்துமீறி நுழைந்து படம்பிடித்தார்கள். பல்கலைக்கழகம் அவரையே தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. ஏப்ரல் முதல் தேதி உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. அதற்கு அடுத்த வாரமே அவர் வீட்டில் இறந்து கிடந்தார். டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக வழக்கறிஞர் சௌரப் கிர்பாலின் பெயரை உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2021இல் பரிந்துரைத்தது. அவர் தம் நாட்டத்தை வெளிப்படையாகச் சொல்வதும் மத்திய அரசு தரப்பின் ஆட்சேபங்களில் ஒன்று என்பதைக் கொலீஜியமே 2023 ஜனவரியில் எழுத்தில் போட்டு, அது ஏற்கத்தக்கதல்ல என்று மறுபடியும் பரிந்துரைத்தது. நியமனம் வரவில்லை. மேல்மட்டத்திலேயே இப்படி என்றால், தொழிற்சாலையில் காலிப்பர் பிடித்து அளந்து நிற்கும் இடத்தில் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேரளம் முன்னேறியது என்பது ஓரளவு உண்மைதான். திருநர்களுக்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலம் அது, 2015இல். கொச்சி மெட்ரோ 2017இல் 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவர்களில் சிலர் நகரத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் கொஞ்ச நாளிலேயே வேலையை விட்டுப் போனது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் இதெல்லாம் திருநர்களுக்கு. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்றும், வேலையில் பாகுபாடு கூடாது என்றும் சொல்லும். அந்தச் சட்டம் வெறும் காகிதமாகக் கிடக்கிறது என்று உச்ச நீதிமன்றமே 2025 அக்டோபரில், இரண்டு பள்ளிகளில் வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியையின் வழக்கில் கடிந்துகொண்டது. நீங்கள் ஆணாகப் பிறந்து ஆணாகவே வாழ்பவர், ஆணை விரும்புபவர். இந்தச் சட்டத்தில் உங்களுக்கு இடமில்லை. "திருநர் சான்றிதழ் வாங்கிவிட்டால் என்ன?" என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பொய்ச் சான்றிதழோடு தொடங்கும் வழக்கு அந்தச் சான்றிதழிலேயே முடிந்துவிடும்.

பெண்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள் குழு கட்டாயம். புகாரைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். புகார் கொடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். யார் மீது புகார் என்பதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெண்மீது பெண் கொடுக்கும் புகாரையும் குழு விசாரிக்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆண்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. சில பெரிய நிறுவனங்கள் தங்கள் கொள்கையில் ஆண்களையும் சேர்த்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் கொள்கைப் புத்தகத்தை, ஒன்று இருந்தால், வாங்கிப் படியுங்கள். தாய் நிறுவனம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அதில் பாலியல் நாட்டம் என்ற சொல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் 2020இலிருந்து தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக நீக்குவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகாவிட்டாலும் சட்டவிரோதம், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டங்கள் கஞ்சிக்கோட்டில் செல்லாது. ஆனால் தலைமையகத்து நெறிமுறைக் குழுவுக்குப் போகும் ஒரு மின்னஞ்சல், உள்ளூர் மேலாளரைச் சட்டத்தைவிட வேகமாகத் திருத்தும்.

உங்களுக்கு மெய்யாகவே கைகொடுக்கப் போவது இந்த உரிமைச் சட்டங்கள் எதுவுமில்லை. சாதாரணத் தொழிலாளர் சட்டம்தான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எந்த நிறுவனமும் "இவர் தன்பாலீர்ப்பாளர், ஆகவே நீக்குகிறோம்" என்று எழுதாது. எழுதவே கூச்சப்படுவார்கள். வேறு காரணத்தைத் தேடுவார்கள். அந்தத் தேடலில்தான் அவர்கள் வழுக்கி விழுவார்கள்.

வேலந்தாவளம் பக்கத்து ஒரு நிறுவனத்தில், விடுதியில் தங்கி வேலை செய்த இரண்டு பெண்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். இரண்டே வரி. "விடுதி ஒழுங்கைக் குலைக்கும் விதமாக நடந்துகொண்டீர்கள்" என்று மட்டும் இருந்தது. உள்விசாரணையில் அவர்களுக்காகப் பேசிய சங்கக்காரர் காப்பாளரிடம் விடுதி விதிகளைக் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த தாளையே பிய்த்துக்கொண்டு வந்து வைத்தார்கள். பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும், அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது, வெளியாட்களை அழைத்து வரக் கூடாது, தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். "இதில் எதை மீறினார்கள்?" என்றார். காப்பாளர் அம்மா விசாரணை அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மனதில் இருந்த சொல்லை மூவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத குற்றச்சாட்டை எப்படி நிரூபிப்பது? குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இருவருக்கும் வேலை தங்கியது. விடுதி மட்டும் மாறியது.

உங்கள் விஷயத்தில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும்? ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர் தொடர்ச்சியான பணியில் இருப்பவர். அவரை ஆட்குறைப்பு என்று அனுப்புவதானால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்று அனுப்புவதானால் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, உங்கள் பதிலைக் கேட்டு, விசாரணை நடத்த வேண்டும். இரண்டும் இல்லாமல் "நாளையிலிருந்து வராதே" என்றால் அது சட்டவிரோதப் பணிநீக்கம். தொழிற்சாலை அல்லாமல் கடை, அலுவலகம் என்றால் கேரளத்தில் 1960ஆம் ஆண்டுக் கடைகள் வணிக நிறுவனங்கள் சட்டமும், தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ ஒரே மாதிரி பேசுகின்றன. ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது, மேல்முறையீடு உண்டு.

இதில் ஒரு சூது நடக்கும். மேற்பார்வைப் பதவியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அதனால் காலிப்பரும் கேஜும் பிடித்து உருப்படியை அளக்கும் பையன்களுக்கெல்லாம் அடையாள அட்டையில் "எக்ஸிகியூட்டிவ்" என்று அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். நீதிமன்றம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, அன்றாடம் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைப் பார்க்கும். நீங்கள் கையெழுத்திட்ட பரிசோதனை அறிக்கைகள் இருந்தால் அதுவே சாட்சி. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் (பி.எஃப்.) பாஸ்புக், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகலை இன்றே எடுத்து வீட்டில் வையுங்கள். வைப்பு நிதியில் பணம் கட்டுவது யார் பெயரில் என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் பெயர் இருந்தால் முதலாளி யார் என்ற கேள்வியையும் சேர்த்து எழுப்ப வேண்டியிருக்கும்.

தொழிற்சாலை இருக்கும் இடத்துச் சட்டமும் அலுவலகமும்தான் உங்களுக்கு. வீடு கோவை மாவட்டத்தில் இருப்பதால் கோவைத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். பாலக்காட்டு மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். சமரசம் முறிந்தால் பாலக்காட்டில் தொழில் தீர்ப்பாயம் இருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் வேலை போனவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த நான்கு சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. அந்தத் தொகுப்புகளைக் கேரள அரசு அப்போது வெளிப்படையாகவே எதிர்த்தது. அந்தச் சண்டையில் நீங்கள் நுழைய வேண்டாம். குறைந்த காலத்தையே கணக்கில் கொண்டு, வேலை போன மாதத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். வக்கீல் செலவுக்குக் கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்களில் தொழிற்சாலைத் தொழிலாளியும் ஒருவர்.

மனுவில் உங்கள் நாட்டத்தைச் சொல்ல வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டியதில்லை. "காரணமின்றி, விசாரணையின்றி நீக்கினார்கள்" என்பதே போதுமான வழக்கு. பாலியல் நாட்டம் தனிமனித அந்தரங்கத்தின் ஒரு முக்கியமான கூறு என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அந்த அந்தரங்கத்தை நீங்களே மனுவில் அவிழ்த்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. எதிர்த்தரப்பு அதை இழுத்தால் அது தொழிற்சாலையின் எந்த நிலையாணைப்படி (பணி விதிப்படி) ஒழுங்கீனம் என்று கேட்கலாம். பகிரங்கமாகப் போராட வேண்டும் என்று ஆர்வமூட்டுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் நல்லவர்களே. ஆனால் இரவு பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்குத் திரும்பப் போவது நீங்கள்தான். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

"வீட்டில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றாரே, அது வெறும் பேச்சு இல்லை. ஒருவருடைய பெயருக்குக் கேடு செய்வதாக மிரட்டி, அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்ய வைக்கப் பார்ப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 351ஆவது பிரிவின்படி குற்ற மிரட்டல். ராஜினாமா கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவரில்லை. பணமும் கேட்டால் 308, மிரட்டிப் பறித்தல். அடுத்த முறை அவர் அழைத்தால் பேச்சு முடிந்த கையோடு, "இன்று மாலை நீங்கள் என்னிடம் ராஜினாமா கேட்டீர்கள், தர எனக்கு விருப்பமில்லை, தொடர்ந்து வேலை செய்யவே விரும்புகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். செய்திகளைத் திரைப்பதிவு எடுத்து வைத்தாலும் அந்தக் கைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், மூலக் கருவி கையில் இருந்தால் அது சிக்கலில்லாமல் முடியும்.

போலீசுக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. சம்பவம் கேரளத்தில் நடந்திருந்தாலும் புகாரை எல்லைக்கு இந்தப் பக்கம் கந்தேகவுண்டன் சாவடி நிலையத்திலும் கொடுக்கலாம். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் எல்லை பார்க்காமல் வாங்கிப் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு உத்தரவுகளுக்குப் பிறகு, காவலர் நடத்தை விதிகளிலேயே தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோரைத் தொல்லை செய்யக் கூடாது என்று 2022இல் சேர்த்தார்கள். விதி இருக்கிறது என்பதால் ஆள் மாறிவிட மாட்டார். 2025 மே மாதத்தில்கூட, வீட்டாரால் பிரித்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் காவல்துறையைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஆகவே தனியாகப் போகாதீர்கள். சங்கத்து ஆளையோ வக்கீலையோ கூட்டிப் போங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புதிய வேலைக்குப் போகும்போது மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் எச்.ஐ.வி. சோதனை எடுக்கச் சொன்னால் மறுக்கலாம். வேலைக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்கிறது. அடுத்தது வைப்பு நிதி வாரிசு நியமனம். வைப்பு நிதித் திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர். குடும்பம் இருக்கும்போது துணைவரின் பெயரை எழுதினால் அது செல்லாது. பணிக்கொடைக்கும் இதே நிலைதான். 2023 அக்டோபர் 17இல் திருமண உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் திருமணத்தை ஏற்க மறுத்து, இப்படிப்பட்ட சலுகைகளை ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணைவரை நியமனதாரராகக் காட்டவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. வைப்பு நிதிக்கு அந்த விடிவு வரவில்லை. டாடா ஸ்டீல் 2019இலும் ஆக்சிஸ் வங்கி 2021இலும் தங்கள் ஊழியர்களின் துணைவருக்குச் சலுகைகளைத் தாமாகவே நீட்டின. அந்த அளவு நிறுவனத்தில் இல்லாதவர்கள், வங்கி நியமனத்தையும் ஒரு உயிலையும் எழுதி வைப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மனுவை மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று நிற்க வேண்டாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. நீங்கள் தமிழ்நாட்டுவாசி; அந்த உரிமை உங்களுக்கும் உண்டா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். பாலக்காட்டு அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். ஓர் ஆங்கிலப் பிரதியும் இணைத்துவிட்டால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஸ்பீடு போஸ்டில் பதிவுசெய்து, சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.